அந்தப் பக்கத்து ஆள்

கச்சபேஸ்வரர் கோயில் குளத்துத் தண்ணீரைக் கையில் ஏந்திச் சொல்வது: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஏந்திய தண்ணீரில் கொஞ்சம் பாசி இருந்தது, அதையும் மறைக்கவில்லை. கூட்டிச் சொன்னது ஒன்றும் கிடையாது. இரண்டு இடத்தில் மட்டும் குறைத்துச் சொல்லியிருக்கிறது, கேட்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் மாணிக்கவாசகம் நாற்பத்தொன்பது வயது வரை பேசியதையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். பசித்தால் "ம்". வயிறு நிறைந்தால் "ம்". தெருவில் யாராவது "இன்னாபா, சௌக்கியமா?" என்றால் அதற்கும் "ம்". எழவு வீட்டிலும் அதேதான், கொஞ்சம் இழுத்து.

இந்தப் பழக்கம் தறியிலிருந்து வந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிறவர் இந்தப் பக்கத்திலிருந்து நாடாவை, அதாவது ஊடு நூல் சுற்றிய கட்டையை, விடுவார். மறு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் அந்தப் பக்கத்துக் கரைக்கான நாடாவை விட வேண்டும். இரண்டு நிற நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் கோர்வை என்று பெயர். ஒரு புடவைக்குப் பதினாலாயிரம் தடவை இப்படி நடக்கும். விட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்ல மாணிக்கவாசகம் வைத்திருந்த சொல், "ம்".

அந்தப் பக்கத்தில் முதலில் உட்கார்ந்தவள் அவர் மனைவி சங்கரி. பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நேராகக் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போனாள்.

"இன்னம்மா உங்க குறை? அடிக்கிறாரா, குடிக்கிறாரா?" என்று நீதிபதி கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்கய்யா. பன்னெண்டு வருசமா என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசிக்கினு இருக்கறாரு."

"என்ன வார்த்தை?"

"ம்."

நீதிபதி மாணிக்கவாசகத்தின் பக்கம் திரும்பினார். "இந்தம்மா சொல்றது உண்மையா?"

"ம்," என்றார் மாணிக்கவாசகம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ப்பு ஆகிவிட்டது.

சங்கரி வாலாஜாபாத்துக்குப் போய் ரவிக்கை தைக்கும் கடை வைத்தாள். ஒரே மகள் அனுவுக்கு அப்போது எட்டு வயது. யாரோடு இருக்கிறாய் என்று கேட்டபோது அப்பாவோடு என்றாள். அப்பா திட்ட மாட்டார் என்பது அவள் கணக்கு. திட்டுவதற்கு ஒரு வாக்கியமாவது வேண்டும் அல்லவா?

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து இடத்தில் ஏழு பேர் கூலிக்கு உட்கார்ந்து பார்த்தார்கள். ஏழாவது ஆள் அர்ஜுனன், மூன்றாம் மாதமே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கே மெஷின்கூட "பீப் பீப்" என்று இரண்டு தடவை பேசுகிறது என்று சொல்லி அனுப்பினான். கடைசியில் பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் அனுவே அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அப்பா "ம்" என்றால் மகள், "தோ வுட்டுட்டேன்பா, நீ கொஞ்சம் மூச்சு வுடு," என்பாள். அந்த வீட்டில் இருந்த பேச்செல்லாம் அவ்வளவுதான். இருவருக்கும் அது போதுமாக இருந்தது என்று மாணிக்கவாசகம் நினைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது முடிந்தது. அனுவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தினம் வீட்டிலிருந்து போய்வருவதெல்லாம் நடக்காத காரியம் என்று அவளே சொல்லி, விடுதிக்கும் பெயர் கொடுத்துவிட்டாள்.

கிளம்புகிற நாளில் மாகறலிலிருந்து மாணிக்கவாசகத்தின் அக்கா தில்லையம்மாள் வந்து இறங்கினாள். வேன் வாசலில் நின்றது. இரண்டு பெட்டி, ஒரு தலையணை, ஒரு டேபிள் ஃபேன், ஆறு மாதத்துக்கான ஊறுகாய், ஒரு நீல வாளி எல்லாம் ஏறிவிட்டன. பக்கத்து வீட்டு எல்லம்மாள் யாரும் கேட்காமலே அழுதுகொண்டிருந்தாள்.

"டேய் மாணிக்கம்," என்றாள் தில்லையம்மாள். "பொண்ணும் போறா. நீ ஒத்தையா இந்த ஊட்ல இன்னா பண்ணப் போறே?"

"ம்."

"இன்னா ம்? சோறு யாரு பொங்குவா? அந்தாண்ட நாடா யாரு வுடுவா? பேசாம தறியக் கயட்டிக்கினு மாகறலுக்கு வந்துடு. மாட்டுக் கொட்டாய் காலியாத்தான் இருக்குது. நானும் இருக்கேன், ஒன் மாமாவும் இருக்காரு."

அந்த மாமாதான் சிக்கல். அக்காள் புருஷன் உதயகுமாருக்கு ஒரு காலத்தில் பித்தப்பையிலிருந்து கல் எடுத்தார்கள். அதை ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபரேஷன் கதையை ஆரம்பிப்பார். பதினோரு வருடமாக அதே கதை. கல் மட்டும் வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போகிறது. மாகறலில் எஞ்சிய ஆயுளைக் கழிப்பதென்றால் அந்தக் கல்லோடு கழிக்க வேண்டும்.

மாணிக்கவாசகம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வாழ்க்கையில் அவர் செய்த மிகப் பெரிய மறுப்பு அது.

"சரி, இப்படி வெச்சிக்கலாம்," என்றாள் தில்லையம்மாள். "ஆயுத பூஜைக்கு வருவேன். அன்னிக்கு ரெண்டு பக்கமும் கரையோட ஒரு புடவை முழுசா நெய்ஞ்சு அறுத்துக் காட்டு. காட்டிட்டேன்னா நீ இங்கயே கெட, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லாட்டி குட்டியானை வண்டில தறிய ஏத்திடுவேன். மேல ஒன்னையும் ஏத்திக் கயிறு கட்டிடுவேன்."

அனு வேனில் ஏறி உட்கார்ந்து ஜன்னலில் தலையை நீட்டினாள். "அப்பா, ஒரே ஒரு வார்த்தை சொல்லேன். ம் இல்லாம. ப்ளீஸ்."

மாணிக்கவாசகம் வாயைத் திறந்தார். டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். எல்லம்மாள் அழுகையை நிறுத்தினாள். தெருக் கோடியில் போய்க்கொண்டிருந்த ஒரு மாடுகூட நின்று திரும்பிப் பார்த்தது.

"வாளி பத்திரம்," என்றார்.

அனு அழுதுவிட்டாள். அப்பா ஒரே நேரத்தில் இரண்டு சொல் பேசி அவள் கேட்டதே இல்லை. வேன் முனை திரும்பிப் போன பிறகும் மாணிக்கவாசகம் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார். வெயில் ஏறியதும் எல்லம்மாள்தான் வந்து உள்ளே ஓட்டிவிட்டாள்.

தினமும் சாயங்காலம் அனு போன் செய்வாள். "இங்க மழைப்பா," என்பாள். பார்த்தால் பிள்ளையார்பாளையத்திலும் மழை. "இங்க கரண்ட் போயிடுச்சுப்பா," என்பாள். அதே நொடியில் மாணிக்கவாசகத்தின் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றி ஓயும். இரத்த பாசம் என்பது இப்படியெல்லாம் வேலை செய்யும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இப்போதுதான் கண்ணால் பார்த்தார். தன் பழைய போனையும் அனு அவரிடம் விட்டுப்போயிருந்தாள். அதில் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் ஒரு ஏற்பாடு உண்டு. மடியில் வைத்துக்கொண்டால் போதும், அது எண்ணிக்கொள்ளும். இங்கே எண்ணினால் அனுவின் போனிலும் தெரியும்.

தறியில் உட்கார்ந்தார். இந்தப் பக்கத்து நாடாவை விட்டார். "ம்," என்றார். எதுவும் நடக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். முதல் ஒரு மாதம் முழுக்க அவர் செய்தது இதுதான் என்று எல்லம்மாள் சொல்கிறாள். அவள் மிகைப்படுத்துகிறவள், இருபத்தாறு நாள்தான்.

சும்மா நகர்ந்து போய் அந்தப் பக்கத்து நாடாவையும் விட்டுவிட்டு வரலாமே என்று தோன்றும். அவர் வீட்டில் முடியாது. அந்தப் பக்கத்து இடத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் வீட்டுத் தூண் நிற்கிறது. தூணை எடுத்தால் வீடு விழும். தறியை நகர்த்தினால் சமையலறையில்தான் குழி வெட்ட வேண்டும். நீளக் குச்சி ஒன்றை எடுத்து எட்டித் தள்ளிப் பார்த்தார்; நாடா பறந்து போய் அரிசி டிரம்மில் விழுந்தது. இருபத்தேழாவது நாள், வேறு வழியில்லாமல், குழியிலிருந்து ஏறினார். தறியின் பின்னால் போய், நீட்டிக் கட்டியிருந்த பாவு நூலுக்கு அடியில் குனிந்து, அம்மிக்கல்லைத் தாண்டி, மறுபக்கம் வந்து உட்கார்ந்து நாடாவை விட்டார். வந்த வழியே திரும்பிப் போனார். ஒரு நூல் ஓடியது. பாக்கி பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

மாணிக்கவாசகம் தறியைச் சுற்ற ஆரம்பித்தது இப்படித்தான். மூன்றாம் நாள் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் போனில் பட்டாசு வெடிப்பது போல ஒரு படம் வந்து அவரைப் பாராட்டியது. அடிகளைக் கூட்டி, சென்னை சாலையில் தான் எதுவரை வந்திருக்கிறோம் என்று அவரே குறித்துக்கொண்டார். முதல் வாரக் கடைசியில் சுங்குவார்சத்திரம். அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூர். அர்ஜுனனின் கம்பெனியைத் தாண்டும்போது மனதுக்குள் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். எல்லம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஏதோ வேண்டுதல், அதனால்தான் பிரதட்சிணம் செய்கிறார் என்று முடிவுகட்டி, மறுநாள் வாசலில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனாள்.

அந்தப் பக்கத்து இடத்தில் மாணிக்கவாசகம் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. சொந்த வீட்டில் அப்படி ஒரு இடம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. உட்கார்ந்தால் வயிறு மடங்கும். எதிரே ஏதும் தெரியாது. பக்கவாட்டில் தூண். தூணுக்கு அப்பால், நெய்கிறவர் நாடாவை விடக் கையைத் தூக்கினால், அவருடைய அக்குள் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு இடைவெளி. சங்கரி பன்னிரண்டு வருடம் பார்த்தது அதைத்தான்.

பூந்தமல்லியை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், மூச்சு வாங்க அங்கே கொஞ்சம் சாய்ந்தபோது, தூணில், நெய்கிற இடத்திலிருந்து தெரியாத பக்கத்தில், ஏதோ கிறுக்கியிருப்பது கண்ணில் பட்டது. பென்சில் கோடுகள். ஐந்து ஐந்தாகச் சேர்த்துக் கட்டுப் போட்ட கோடுகள், இடுப்பு உயரத்திலிருந்து தரை வரைக்கும். மேலே சங்கரியின் கையெழுத்தில், "ஆடி 18. இன்னிக்கு மட்டும் 380 ம்." அதற்குக் கீழே, வேறொரு பேனாவில், அனுவின் கையெழுத்து: "இன்னைக்கு 412. அம்மா ரெக்கார்டு காலி!"

மாணிக்கவாசகம் இரண்டையும் நாலைந்து தடவை படித்தார். தன் வீட்டிலேயே இத்தனை வருடமாக ஒரு போட்டி நடந்திருக்கிறது. ஓடியவர் அவர்தான். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர் சோறு பொங்கவில்லை.

சாயங்காலம் மறுபடி தறிக்கு வந்தார். நாடாவை விட்டார். பழக்க தோஷத்தில் "ம்," என்றார். எழுந்து, குனிந்து, சுற்றி வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னா ம்? மாட்ட ஓட்டறியா?"

மாணிக்கவாசகம் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. குரல் அவருடையதுதான். வயிறு மடங்கி உட்கார்ந்ததால் கொஞ்சம் கீச்சென்று வந்திருந்தது. ஆனால் இவ்வளவு நீளமான வாக்கியம் தன்னிடம் இருப்பு இருந்தது அவருக்கே புதுச் செய்தி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று எழுந்து, சுற்றிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"வேலையப் பாரு," என்றார்.

சுற்றி வந்தார். "வேலையத்தான் பாத்துக்கினு இருக்கேன். கண்ணு தெரியல? ஒரு காபி உண்டா இங்க?"

சுற்றிப் போனார். "நம்ம ஊட்ல டீதான்."

சுற்றி வந்தார். "டீ நீ குடி. எனக்குக் காபிதான் புடிக்கும்."

இது அவருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து வீட்டில் யார் எதைக் கொடுத்தார்களோ அதைக் குடித்தவர் அவர், கொடுத்ததெல்லாம் டீ. கடைக்குப் போய்க் காபித்தூள் வாங்கி வந்தார். அன்றுமுதல் தறியின் இந்த ஓரத்தில் ஒரு டம்ளர் டீ, அந்த ஓரத்தில் ஒரு டம்ளர் காபி. ஒரு வாரத்தில் டீ ஆறிப்போய் ஈ விழ ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்து ஆளுக்கு வாய் நீளம். பழைய பாட்டெல்லாம் முனகும். எல்லம்மாள் மருமகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும். இந்தப் பக்கத்துக்காரர் அதட்டினால் எதிர்த்துப் பேசும். ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு வர மாட்டேன், லீவு," என்றது. "ஆயுத பூஜைக்குப் பத்து நாள்தான் இருக்குது," என்று இந்தப் பக்கத்துக்காரர் கெஞ்சினார். அவர் யாரிடமாவது கெஞ்சியது அதுதான் முதல் தடவை. ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே செருப்பில் கிளம்பினார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டலில் உட்கார்ந்தார்கள். "இன்னா சாப்புடறீங்க?" என்று சர்வர் கேட்டான். இதற்கு முன்னால் அனுதான் அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்லுவாள்.

"ம்," என்றார் மாணிக்கவாசகம்.

"அது தீந்துபோச்சு சார். ரவா தோசை இருக்குது."

இந்தப் பக்கத்துக்காரர் தலையாட்டப் போனார். அதற்குள் மற்றவர் முந்திக்கொண்டார். "ரவா தோசை வேணாம். அது எம்பொண்ணுக்குப் புடிக்கும், எனக்குப் புடிக்காது. ரெண்டு கோயில் இட்லி குடு. மொளகு தூக்கலா இருக்கற எடமாப் பாத்து வெட்டு." சாப்பிட்டு முடித்துவிட்டு, சைவக் குடும்பத்தில் யாரும் அவசரம் இல்லாமல் எட்டிப் பார்க்காத சின்னக் காஞ்சிபுரத்துப் பக்கம் போய், வரதராஜப் பெருமாள் கோயில் குளக்கரையில் மூன்று மணி நேரம் காரணமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியாரோடு வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள். வாத்தியார் கடைசியில், "போதும் சார், விடுங்க, எனக்கு வேற வேலை இருக்கு," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு மனிதன் தன் பேச்சுக்குப் பயந்து ஓடியதைப் பார்த்து மாணிக்கவாசகத்துக்கு அப்படி ஒரு பெருமை.

இதற்குள் இரண்டு பக்கத்தில் தீ பற்றியிருந்தது.

முதல் தீ அனு. "அப்பா, நேத்து முப்பதாயிரம் ஸ்டெப்பு காட்டுது. எங்கப்பா போயிக்கினு இருக்கே? ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள்.

"பூந்தமல்லி தாண்டியாச்சும்மா," என்றார் மாணிக்கவாசகம்.

அனு உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

இரண்டாவது தீ எல்லம்மாள். அவள் மாகறலுக்குப் போன் போட்டாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காத. ஒந்தம்பி ஊட்ல ஆளு இருக்குது. தெனம் சண்டை. கீச்சுக் குரலு. 'காபி கொண்டா'ன்றா, 'லீவு வேணும்'ன்றா. இவரு கெஞ்சறாரு அக்கா! ரெண்டு டம்ளரு கழுவி வெக்கறாரு, எங்கண்ணால பாத்தேன்."

ஆயுத பூஜையன்று காலையில் குட்டியானை வந்து வாசலில் நின்றது. முன்னால் தில்லையம்மாள். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் தாம்பூலத் தட்டில் ஒரு புதுப் புடவை. உள்ளே இருப்பவள் எப்படிப்பட்டவள் என்பதைப் பொறுத்து எதை நீட்டுவது என்று முடிவு செய்யலாம் என்று இரண்டையும் கொண்டுவந்திருந்தாள். பின்னால் உதயகுமார், கையில் ஜாம் பாட்டில். கடைசியாகச் சங்கரி இறங்கினாள். அனு போன் செய்த கவலையில் தானாகவே புறப்பட இருந்தவளைத் தில்லையம்மாள் வழியில் ஏற்றிக்கொண்டாள். தம்பி வீட்டுக்கு வந்திருப்பவளை எடை போட அனுபவசாலி ஒருத்தி கூட இருப்பது நல்லதுதானே.

கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். குளியலறையில் தேடினார்கள். அரிசி டிரம்மைத் தில்லையம்மாள் திறந்தபோது, "அதுக்குள்ள எப்பிடிம்மா ஒரு ஆளு இருக்க முடியும்?" என்றார் உதயகுமார்.

"நீ சும்மா இரு. ஒன் வயித்துல அவ்ளோ பெரிய கல்லு இருந்துச்சுல்ல?"

டிரம்மில் ஆள் இல்லை. தறியின் இரண்டு ஓரத்திலும் இரண்டு டம்ளர் இருந்தன. ஒன்றில் டீ, ஒன்றில் காபி. தில்லையம்மாள் இரண்டையும் முகர்ந்து பார்த்தாள்.

"யார்ரா அவ?"

மாணிக்கவாசகம் பதில் சொல்லாமல் தறியைக் காட்டினார். புடவை முந்தானை வரைக்கும் வந்திருந்தது. இரண்டு பக்கமும் அரக்குக் கரை, நடுவில் மாம்பழ நிறம். இன்னும் நாலு விரல்கடைதான் பாக்கி. அந்த நாலு விரல்கடையை முடித்து அறுத்துக் காட்டினால் வீடு அவருக்கு. இல்லாவிட்டால் மாகறல், மாட்டுக் கொட்டாய், கல்.

"அந்தாண்ட யாரு உக்காந்தது?" என்றாள் சங்கரி. விவாகரத்துக்குப் பிறகு அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதற்குச் சட்டத்தில் வழி சொல்லாததால், "அனு அப்பா, ஒங்களத்தான் கேக்கறேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

"உக்காருங்க. காட்டறேன்," என்றார் மாணிக்கவாசகம்.

குழியில் கால் விட்டு உட்கார்ந்தார். நாடாவை விட்டார். இத்தனை பேர் பார்த்ததில் நாக்கு பழைய இடத்துக்கே போய்விட்டது. "ம்," என்றார். ஏறினார். பாவுக்கு அடியில் குனிந்தார். அம்மிக்கல்லைத் தாண்டினார். அந்தப் பக்கம் உட்கார்ந்தார். வயிறு மடங்கியது.

"வந்துட்டியா மறுபடியும் ம்முக்கு? நேத்து இன்னா சொன்னே? காலைல காபி குடுக்கறப்போ இன்னா சொன்னே?" என்று கேட்டுவிட்டு நாடாவை விட்டார்.

தில்லையம்மாளின் கையிலிருந்த துடைப்பம் மெல்லக் கீழே இறங்கியது.

சுற்றிப் போனார். "நாலு பேரு பாக்கறாங்க. மானத்த வாங்காத."

சுற்றி வந்தார். "மானம் போவுதா? ஒரு வார்த்தை 'வுடும்மா'ன்னு சொன்னா கொறஞ்சா பூடுவே?"

அந்தக் கடைசி வாக்கியம் இந்த வீட்டுக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வருடம், அதே இடத்திலிருந்து, தினமும் சங்கரி சொன்னது. சங்கரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தூணைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தூணின் மறுபக்கத்தைக் குனிந்து பார்த்தாள். தன் 380 இருந்தது. மகளின் 412 இருந்தது. அதற்குக் கீழே புதிதாக, நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற பிள்ளையின் அக்கறையோடு, மாணிக்கவாசகத்தின் எழுத்து ஏழெட்டு வரி: 391. 240. 96. 55. லீவு. 31. 8. 2.

அவர் சுற்றிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. நாடாவை விட்டார். தூணைப் பார்த்து, "வுடும்மா," என்றார்.

"பத்து வருசம் லேட்டு," என்றாள் சங்கரி. சொல்லிவிட்டு, அடக்க முடியாமல், பல் தெரியச் சிரித்தாள். அவள் இந்த வீட்டில் சிரித்ததை எல்லம்மாள்கூடப் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றவள் நன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

நாலு விரல்கடையும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அத்தனை நேரமும் இந்தப் பக்கத்துக்காரரும் அந்தப் பக்கத்து ஆளும் விடாமல் சண்டை போட்டார்கள். நடுவில் உதயகுமார் பாட்டிலை எடுத்து, "எனக்கு ஆப்பரேசன் பண்ணப்போ டாக்டர் இன்னா சொன்னாருன்னா," என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து ஆள் காதைப் பொத்திக்கொண்டு, "மாமா, அது கூழாங்கல்லு. போன தடவ கழுவி வெக்கறப்போ மாத்திட்டீங்க," என்றது. உதயகுமார் அப்படியே பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். அந்த விஷயம் மாகறல் முழுக்கத் தெரியும். சொல்ல ஒரு வாய்தான் இத்தனை நாளாக இல்லை.

புடவையை அறுத்து விரித்தார்கள். தில்லையம்மாள் கரையை விரலால் தடவிப் பார்த்தாள். குற்றம் கண்டுபிடிக்க முடியாத வருத்தம் அவள் முகத்தில் தெரிந்தது.

"சரி, புடவ முடிஞ்சுது. ஆனா இவன இப்பிடியே எப்பிடிடீ வுட்டுட்டுப் போறது, சங்கரி? தனக்குத் தானே பேசிக்கினு கெடக்கறானே."

"வுடுங்க அண்ணி," என்றாள் சங்கரி. "பன்னெண்டு வருசம் நான் பாக்காதது. ரெண்டு பேரும் ஒத்துமையாத்தான் இருக்கறாங்க."

அக்காள் வாக்குத் தவறாதவள். வாயை மூடிக்கொண்டாள். கொண்டுவந்த புதுப் புடவையை யாரிடம் கொடுப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்து, கடைசியில் தட்டோடு அந்தப் பக்கத்து இடத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டுவிட்டாள். தறிக்கும் பூஜை ஆயிற்று. குட்டியானை வாடகை வீணாகப் போகக் கூடாது என்று எல்லம்மாள் வீட்டு உடைந்த பீரோவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வாசலில் மாணிக்கவாசகம் சங்கரியிடம் கேட்டார். "இன்னும் பாவு இருக்குது. நேரம் கெடச்சா வந்து ஒரு நாள் அந்தாண்ட உக்காருவியா? பேசிக்கினே நெய்யலாம்."

"கோர்ட்டு ஆர்டர் இருக்குது," என்றாள் சங்கரி. "அதுவுமில்லாம அந்த எடத்துல இப்ப வேற ஆளு உக்காந்துக்கினு இருக்குது. நல்லாப் பேசுது. அத வெச்சுக் காலத்த ஓட்டுங்க."

"ம்," என்றார் அவர்.

சங்கரி திரும்பி உள்ளே போனாள். தூணுக்குப் பின்னால் பென்சிலைத் தேடி எடுத்து, 2-க்குக் கீழே ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறினாள்.

சாயங்காலம் அனு போன் செய்தாள். அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். "அப்பா! நீ பேசறியாமே! அம்மா சிரிச்சுக்கினே இருக்காங்க. மொத்தம் எவ்ளோ தூரம்பா நடந்திருக்கே?"

மாணிக்கவாசகம் அன்று பேசியதை மட்டும் எழுத இரண்டு கட்டு பஸ் டிக்கெட் வேண்டும். காபி, கோயில் இட்லி, வெண்டைக்காய், கூழாங்கல், தூண் எல்லாவற்றையும் சொன்னார். முந்தானை போடும்போது மெரினாவைத் தொட்டுவிட்டதாகவும், காலில் உப்புத் தண்ணீர் பட்டதாகவும் சொன்னார்.

"மெட்ராஸ் வரைக்கும் நடந்திருக்கே. ஒரு தடவ என்ன வந்து பாக்கணும்னு தோணலியா?"

"அவ்ளோ தூரம் எப்பிடிம்மா வர்றது?" என்றார் மாணிக்கவாசகம். அந்த நேரம் பார்த்து ஏகாம்பரநாதர் கோயிலில் வேட்டுச் சத்தம் கேட்டது. போனிலும் கேட்டது.

அனு படிக்கும் கல்லூரி, பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். தெருமுனையிலிருந்தே டவுன் பஸ் போகிறது.